குழந்தைக்காக வாங்குகிறோமா, நமக்காக வாங்குகிறோமா?



சென்ற வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஓர் உறை சுற்றி வந்தது. மகப்பேற்று விடுப்பில் இருக்கும் இளம் ஆசிரியை ஒருவருக்குப் பரிசு வாங்குவதற்காக ஆளுக்கு இருபது ரிங்கிட் போட்டோம். என்ன வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, "குழந்தை உட்கார்ந்து ஓட்டும் நடைவண்டி வாங்கலாம் டீச்சர்; பாட்டு வரும், விளக்கு எரியும்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையசைத்தனர். நான் மட்டும் "அது வேண்டாம்" என்றேன். அறை சற்று அமைதியானது. நல்ல காரியத்தில் தடை சொல்பவரை யாருக்குத்தான் பிடிக்கும்? காரணத்தைச் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்னும் இரண்டு மாதங்களில் நான் பாட்டியாகப் போகிறேன். மகனும் மருமகளும் வாங்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு என்னிடம் காட்டினார்கள். மொத்தம் பதினேழு பொருள்கள். அவற்றுள் ஒன்பதாவதாக அதே நடைவண்டி இருந்தது. அதனைப் பட்டியலில் எழுதியிருந்த என் மகனின் நெற்றியில், வலப்புருவத்திற்குச் சற்று மேலே, நான்கு தையல் போட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை அவனுக்கு நான் முழுமையாகச் சொன்னதில்லை.

நான்கு தையல்

1996-ஆம் ஆண்டு. அவனுக்கு எட்டு மாதம். எங்கள் தரை வீட்டில் சமையலறை, கூடத்தைவிட ஒரு படி தாழ்வாக இருந்தது. அன்று பிற்பகல் அவனை நடைவண்டியில் உட்கார வைத்துவிட்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் என் கண்ணெதிரிலேயேதான் இருந்தான். ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்து நிமிர்வதற்குள் வண்டி படியைத் தாண்டிக் கவிழ்ந்துவிட்டது. எழுந்து ஓட எனக்கு நேரமே இருக்கவில்லை.

கவனக்குறைவு என்று பல ஆண்டுகள் என்னையே நொந்துகொண்டேன். பின்னர்ப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. இத்தகைய வண்டியில் இருக்கும் குழந்தை ஒரே நொடியில் ஒரு மீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடக்கூடும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலான விபத்துகள் நிகழ்கின்றன என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் கூறுகிறது. படியில் விழுவது மட்டுமன்று. உயரம் கூடிவிடுவதால், சுடுநீர்க் குவளையையும் மேசை விரிப்பையும் எட்டிப் பிடித்து இழுத்துவிடும். கனடா நாடு 2004-ஆம் ஆண்டிலேயே இவ்வகை வண்டிகளின் விற்பனையையும் இறக்குமதியையும் விளம்பரத்தையும் முற்றாகத் தடை செய்துவிட்டது. நம் கடைகளிலோ அவை இன்றும் வண்ண வண்ணமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

சரி, அதனால் குழந்தை விரைவில் நடக்குமா என்றால் அதுவும் இல்லை. நுனிக்காலால் உந்திப் பழகும் குழந்தை, தானே எழுந்து சமநிலை காத்து நிற்கும் பயிற்சியை இழக்கிறது. நடை சற்றுத் தாமதமாவதும் உண்டு.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு வருத்தம் உண்டு. நடைவண்டி என்ற பெயரை நாம் இரு வேறு பொருள்களுக்கு வழங்குகிறோம். நம் பாட்டன்மார் காலத்து மர நடைவண்டி மூன்று சக்கரம் உடையது. குழந்தை தானே எழுந்து, அதன் பிடியைப் பற்றி நின்று, தன் காலால் தள்ளிக்கொண்டு போகும். நிற்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் அது பயன்படும். இன்றைய வண்டியோ நிற்கத் தெரியாத குழந்தையைத் தொங்கவிட்டு ஓட்டுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் "அந்தக் காலத்திலேயே இருந்ததுதானே" என்று ஏமாந்துவிடுகிறோம்.

பிள்ளைத்தமிழைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பருவங்களை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஐந்தாம் திங்கள் அளவில் செங்கீரை: கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, உடல் அசைய ஆடும் பருவம். ஒன்பதாம் திங்கள் அளவில் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டும் பருவம். ஓராண்டை ஒட்டி வாரானை: தளர்நடையிட்டு வரும் குழந்தையை அழைக்கும் பருவம். குழந்தை எப்போது எதைச் செய்யும் என்று நம் புலவர்கள் உற்று நோக்கி வகுத்த வரிசை அது. அதில் எந்தப் பருவத்தையும் முந்தச் சொல்லும் பாடல் இல்லை. இன்றைய மருத்துவர்கள், விழித்திருக்கும் குழந்தையை நாள்தோறும் சிறிது நேரம் கண்காணிப்பில் குப்புறப் படுக்க வைத்து விளையாடவிடச் சொல்கிறார்கள். கழுத்தும் தோளும் வலுப்பெறும். ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையாவதும் குறையும். அது செங்கீரைக்கான ஆயத்தமன்றி வேறென்ன? அதற்குத் தேவை ஒரு சுத்தமான விரிப்பும் தரையில் உடன் உட்காரும் ஒரு பெரியவருமே.

விளையாட்டுப் பொருள்களிலும் இதே அளவுகோல்தான். மலேசியாவில் பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் 2009-இல் வகுக்கப்பட்டன, எம்.சி. என்னும் குறி பொம்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். கழிவறைத் தாள் சுருளின் நடுவே இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழைந்துவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். பொத்தான் மின்கலமும் சிறு காந்தமும் வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்திலேயே பெருங்கேடு விளைவிப்பவை. மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மையை வீட்டிற்குள் சேர்க்க வேண்டாம்.

உறக்கத்தை மாற்றியது ஒரு பொருளன்று

மகனின் பட்டியலில் மிகுதியான இடத்தைப் பிடித்திருந்தவை உறக்கத்திற்கான பொருள்கள். கட்டில், மெத்தை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு அணை, தலையணை, அணைத்துறங்கும் சிறு திண்டு, சாய்வு படுக்கை, கனத்த போர்வை, மின்விசைத் தொட்டில். கடைக்காரர் "எல்லாம் ஒரே செட், சேர்த்து வாங்கினால் மலிவு" என்றாராம்.

ஒரு பழைய வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். 1950-களின் பிற்பகுதியில், உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக், வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்று கருதிக் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். மேலை நாடுகளில் கோடிக்கணக்கான தாய்மார் அவ்வாறே செய்தனர். நலமாக உறங்கப்போன குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்து கிடக்கும் தொட்டில் மரணங்கள் குப்புறப் படுக்கும் குழந்தைகளிடையே மிகுதி என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. பிரிட்டன் 1991-இலும் அமெரிக்கா 1994-இலும் "மல்லாந்து உறங்கட்டும்" என்ற இயக்கத்தைத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே அமைவதால், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும் வாய்ப்பும் கூடுவதில்லை.

இத்தனை உயிர்களைக் காத்தது எந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பும் அன்று. குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒரு சென் செலவில்லை.

கடையில் விற்பதால் ஒரு பொருள் பாதுகாப்பானது என்று நம்புவதற்கும் இடமில்லை. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 2009 முதல் விற்ற ராக் அண்ட் ப்ளே என்னும் சாய்வு படுக்கை, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட பிறகு 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 47 இலட்சம் படுக்கைகள்! பத்தாண்டுகள் அது நம்பிக்கையோடு வாங்கப்பட்ட பொருள். சாய்வில் படுக்கும் பச்சிளங்குழந்தையின் தலை முன்னே சரிந்து, தாடை நெஞ்சில் படிந்து, மூச்சு வழி குறுகிவிடும். அழக்கூட அதனால் இயலாது. 2022-இல் அமெரிக்கா சாய்வு படுக்கைகளையும் கட்டிலைச் சுற்றிய பஞ்சு அணைகளையும் சட்டத்தினால் தடை செய்தது.

ஆகவே உறக்கத்திற்கு வேண்டியவை மிகச் சில. அழுத்தினால் குழியாத உறுதியான, சமதளமான மெத்தை. மெத்தைக்கும் கட்டில் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழையாத பொருத்தம். 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத கம்பிகள். இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பு. அதற்கு மேல் குழந்தை மட்டும். தலையணையும் போர்வையும் கரடி பொம்மையும் முதல் ஓராண்டுக்குக் கட்டிலுக்கு வெளியே இருக்கட்டும். முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்கட்டும். பால் கொடுத்தவாறே நாற்காலியிலோ சோபாவிலோ உறங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது.

நம் நாட்டு வெப்பத்தில் தொப்பியும் கையுறையும் காலுறையும் போட்டு உறங்க வைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஆடை மிகுதி என்று பொருள்.

பாட்டிமாரிடம் பேசுவது எப்படி?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடைப் பொருளை வேண்டாம் என்பது எளிது. வீட்டுப் பெரியவர்களின் அன்பை வேண்டாம் என்பது எளிதன்று.

என் சம்பந்தியம்மா, தலை உருண்டையாக வர வேண்டுமென்று கடுகு நிரப்பிய சிறு தலையணையைத் தம் கையாலேயே தைத்து வைத்திருக்கிறார். சேலையில் ஏணை கட்ட வேண்டும் என்பதும் அவர் ஆசை. "உங்கள் மகனும் என் மகளும் ஏணையில் வளர்ந்தவர்கள்தானே?" என்று கேட்டார். உண்மைதான். என் தாயார் தோட்டத்தில் பால் மரம் சீவப் போனபோது, ஆயாக் கொட்டகையில் வரிசையாகக் கட்டிய ஏணைகளில்தான் நாங்களும் கிடந்தோம். பிழைத்தவர்கள் நாங்கள் இருந்து சொல்கிறோம். பிழைக்காத குழந்தைகளுக்காகப் பேச இன்று யார் இருக்கிறார்கள்?

இதை நான் அவரிடம் அப்படியே சொல்லவில்லை. வேறு விதமாகப் பேசினேன். "சம்பந்தியம்மா, ஏணை தாலாட்டுவதற்கு இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடி ஆட்டுங்கள். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமதளத்தில் மல்லாத்திப் போட்டுவிடுவோம்" என்றேன். துணியில் உடல் வளைந்து கிடப்பதும் முகம் துணியோடு ஒட்டுவதுமே ஆபத்து என்பதை விளக்கினேன். மேலும் கீழும் குதிக்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கும் மின்விசைத் தொட்டிலுக்கும் இதே விதிதான். கொக்கியும் ஸ்பிரிங்கும் தேய்ந்து அறுந்து விழும் ஆபத்து அவற்றில் கூடுதல். மின்விசைத் தொட்டில் ஆட்டிக்கொண்டே இருப்பதால், எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழாமற் போகிறது.

கழுத்தில் கட்டும் தாயத்துக் கயிற்றையும் சங்கிலியையும் உறங்கும்போது கழற்றிவிட வேண்டும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் சிகரெட்டுப் புகையும் குழந்தை இருக்கும் அறைக்குள் வேண்டா. டிங்கிக்கு அஞ்சுபவர்கள் கொசுவலையை இழுத்துக் கட்டிப் பயன்படுத்தலாம். வலை தொய்ந்து குழந்தையின் முகத்தில் படாமல் இருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் கடுகைப் பிரித்துத் தாளிக்க எடுத்துக்கொள்கிறேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். ஆயினும் அவர் மனம் சிறிது வருந்தியிருக்கும் என்பதை நான் அறிவேன்.

கண்காணிக்கும் கருவிகள்

கண்காணிப்புக் கருவி புதிய பொருளன்று. 1937-இலேயே அமெரிக்காவின் செனித் நிறுவனம் ரேடியோ நர்ஸ் என்ற ஒலிக்கருவியை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர் புகழ் பெற்ற சிற்பி இசாமு நொகுச்சி. 1932-இல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட அச்சம் அதன் பிறப்புக்குப் பின்னணி. அச்சம்தான் இக்கருவிகளை விற்கிறது, அன்றும் இன்றும்.

அடுத்த அறையில் அழுகை கேட்பதற்கு ஓர் எளிய ஒலிக்கருவி உதவும், அதில் தவறில்லை. கம்பியுள்ள கருவியானால் கட்டிலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கழுத்தில் சுற்றிக்கொண்ட நிகழ்ச்சிகள் உண்டு. இணையத்தோடு இணையும் கேமராவானால், பெட்டியில் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். காலுறை போல அணிவித்து மூச்சையும் இதயத் துடிப்பையும் அளக்கும் கருவிகளுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். தொட்டில் மரணத்தைத் தடுக்கும் வழியாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் அறிவுரை. அவை தரும் நிம்மதியால், தலையணையை அகற்றும் அக்கறை தளர்ந்துவிடுமானால், அக்கருவி நன்மையைவிடத் தீமையே செய்யும்.

நம் வீட்டுக்கு வெளியே

இன்னொன்று. எவ்வளவு சிறந்த கட்டில் வாங்கினாலும், நம்மில் பலரின் குழந்தை பகலில் அதில் உறங்குவதில்லை. தனியார் துறையில் மகப்பேற்று விடுப்பு 2023 முதல் 98 நாள்களாக உயர்ந்துள்ளது. அதற்குப் பின்? விடியற்காலை ஆறரைக்குக் குழந்தையைப் பராமரிப்பாளரிடமோ தஸ்காவிலோ விட்டுவிட்டு ஓடுகிறோம். நான்கு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகள் இருந்தாலே அந்த இடம் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். "பால் குடித்த பிறகு எப்படிப் படுக்க வைப்பீர்கள்? எதில் படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்பதற்கு அதைவிடக் கூச்சப்படுகிறோம். பள்ளித் திறப்பு நாளில் முதலாம் ஆண்டுப் பெற்றோர் நம்மிடம் எத்தனை கேள்விகள் கேட்கிறார்கள்! பேசத் தெரியாத குழந்தைக்காக அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். மல்லாத்திப் படுக்க வைத்தல், வெறும் மெத்தை, புட்டியை முட்டுக்கொடுத்து வைக்காமை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாலோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

"இதையெல்லாம் சொல்லத் தாய்மாரை இன்னும் பயமுறுத்துகிறீர்களே" என்று சிலர் கேட்கலாம். சோர்ந்த தாய்க்கு ஓய்வு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 1996-இல் எனக்கும் அந்த ஓய்வுதான் தேவைப்பட்டது. நாற்பது கட்டுரைகளைத் திருத்த ஒரு மணி நேரம். அதனை எனக்கு ஒரு சக்கர வண்டி தர முன்வந்தது. மனிதர் எவரும் முன்வரவில்லை. கணவரும் பாட்டியும் பக்கத்து வீட்டாரும் உடன் பணிபுரிவோரும் கொடுக்க வேண்டிய ஒரு மணி நேரத்தைக் கடையில் தேடுகிறோம். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இது குழந்தையின் தேவைக்கா, நம் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

எங்கள் பட்டியல் பதினேழிலிருந்து எட்டாகியது. கார் இருக்கை மட்டும் எவ்வித வாதமும் இன்றி முதலிடம் பெற்றது. 2020 சனவரி முதல் அது சட்டப்படி கட்டாயமும் ஆகும். மிச்சமான பணத்தில் பத்தியக் காலத்தில் மருமகளுக்குச் சமைத்துக் கொடுக்க ஓர் அம்மாவை அமர்த்தியிருக்கிறோம். தழும்பின் கதையையும் மகனிடம் முழுமையாகச் சொல்லிவிட்டேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அதனால்தான் அந்தப் படியில் பலகை அடித்து வைத்திருந்தீர்களா அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

ஆசிரியர் அறையின் உறையில் முந்நூற்று இருபது ரிங்கிட் சேர்ந்திருக்கிறது. தடித்த விளையாட்டு விரிப்பு ஒன்றும், இரண்டு வாரங்களுக்கு மதிய உணவும் கொடுக்கலாம் என்று நாளை சொல்லப் போகிறேன். சனிக்கிழமைகளில் முறை வைத்துக் கொண்டு ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் இருவர் வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.